விட்ட பறையும் எடுத்த பறையும்

“உங்க பேட்ச்ல இருந்து மலருக்கு ஒண்ணுமே வரலை சார். ஒரகடத்துல ஏதோ பறைக் குழுவுல இருக்கீங்களாமே, அதைப் பத்தி எழுதிக் குடுங்க” என்று மலர்க் குழுத் தம்பி போனில் கேட்டார். நான் மெக்கானிக்கல், 2006–2010 பேட்ச். இந்தக் கல்லூரியில் நான் எழுதியதெல்லாம் ரெக்கார்டு நோட்டு. வேலைக்குப் போன பிறகு எழுதுவதெல்லாம் எந்தப் பாகத்தில் என்ன குறை, ஏன் வந்தது, எப்படிச் சரி செய்தோம் என்கிற ரிப்போர்ட். அந்தப் பழக்கத்திலேயே இதையும் எழுதுகிறேன். குறை என்னுடையது. காரணம் கொஞ்சம் பழசு. இரண்டாயிரம் வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது நம் கல்லூரியில் சீனியர்கள் சிலர் நாட்டுப்புற இசைக் குழு ஒன்று ஆரம்பித்தார்கள். 2007-இல் ‘சென்னை சங்கமம்’ முதல் தடவையாக நடந்திருந்தது. பூங்காக்களிலும் தெருக்களிலும் கரகம், ஒயில், பறை என்று அமர்க்களப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்த சூடு அவர்களுக்கு. ஹாஸ்டல் பின்னால் வாட்டர் டேங்க் அடியில் சாயங்காலம் பயிற்சி. என் அறைத் தோழன் முதல் நாளே பேர் கொடுத்துவிட்டான். அவன் வீட்டில் ஏழு தலைமுறையாக யாரும் பறையைத் தொட்டிருக்க மாட்டார்கள். “நீயும் வாடா, கிராமத்துக்காரன், உனக்கு ஈஸியா வரும்” என்று என்னைக் கூப்பிட்டான். கள்ளமில்லாமல்தான் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. “போடா, எனக்குத் தாளமே வராது” என்றேன்.

எனக்கா தாளம் வராது? என் அப்பா பறை அடித்தவர். அவருடைய அப்பாவும்தான். மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் கிராமம். நடக்கப் பழகுவதற்கு முன்னால் நான் கேட்ட சத்தம் அது. குழுவில் சேர்ந்து, கை தானாக வந்துவிட்டால், ‘இவன் யார் வீட்டுப் பிள்ளை’ என்று தெரிந்துவிடுமே என்ற பயம். அவன் சேர்ந்தான், கைதட்டு வாங்கினான். நான் ஆடிட்டோரியத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தொடையில் விரல் தட்டாமல் இருக்கக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். இதுதான் குறை. இனி காரணம்.

பழைய கணக்கு

‘பறை’ என்பது முதலில் ஒரு குறிப்பிட்ட மேளத்தின் பெயர் மட்டுமல்ல. தோல் போர்த்திய கருவிகளுக்கெல்லாம் பொதுப்பெயர். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்த்துத்தான் அடுக்குகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரைகாரர்கள் பேர் சொல்கிறார்கள். அதாவது மேளம் இல்லாத நிலம் கிடையாது. புறநானூற்றின் 335-ஆம் பாட்டு, பாடியவர் மாங்குடி கிழார். அதில் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நாலு குடிகளும் பெருமையோடுதான் வருகின்றன, இகழ்ச்சியாக அல்ல. ‘பறைதல்’ என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் பேசுவதற்கு அந்தச் சொல்தான்.

இந்தப் பெருமை எப்போது கீழே இறங்கியது என்று ஒரு வருஷத்தைக் காட்ட முடியாது. ஆனால் முதலாம் ராஜராஜன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர்களின் நிலக் கணக்கில், ‘பறைச்சேரி’ என்றும் ‘தீண்டாச்சேரி’ என்றும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரு பிரிந்துவிட்டது என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. பின்னால் ஐரோப்பியர்கள் வந்தார்கள்; நம்மிடமிருந்து மிளகையும் துணியையும் கொண்டுபோன மாதிரி இந்தச் சொல்லையும் கொண்டுபோனார்கள். ஒரு மேளத்தின் பேர், ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொருளில் ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது.

நம் கல்லூரியைச் சுற்றியுள்ள இந்த மண்ணுக்கும் அந்தக் கதையில் பெரிய இடம் உண்டு. இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று கம்பெனிப் பேர்களோடு சேர்த்துச் சொல்கிற ஊர்கள் எல்லாம் பழைய செங்கல்பட்டு ஜில்லா. அந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் இங்கிருந்த பறையர்களின் நிலைமையைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-இல் வந்த உத்தரவால்தான் பஞ்சமி நிலம் என்ற ஏற்பாடு உண்டானது. அடுத்த வருஷமே, 1893-இல், இதே ஜில்லாவில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதற்கு அவர் வைத்த பேர் ‘பறையன்’. எந்தப் பேரைச் சொல்லித் தலைகுனிய வைத்தார்களோ, அதே பேரைத் தலைப்பில் போட்டு அச்சடித்தார். பின்னாளில் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனவர் அவர். என் கிராமத்திலிருந்து ரொம்ப தூரம் இல்லாத ஊர்க்காரர்; என் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அவர் பேரைச் சொல்லவில்லை. வேலைக்குப் போன பிறகு ஒரு பழைய புத்தகக் கடையில்தான் தெரிந்துகொண்டேன்.

கீழே வைத்தவர்கள்

பறையில் எத்தனையோ அடிகள் உண்டு. சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, வாழ்த்தடி, மாரடிப்பு அடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை, ஒரு காரணம். ஆனால் ஊர் நினைவில் வைத்திருந்தது சாவு மேளம் ஒன்றைத்தான். அதிலும் கஷ்டம் அடிப்பதில் இல்லை. ‘வரமாட்டேன்’ என்று சொல்ல முடியாததில் இருந்தது. ஊரில் சாவு விழுந்தால் ஆள் வரும். தெரு முனையில் நின்றபடியே பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போவார். தன் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தாலும் போக வேண்டும். கூலி என்பது கொடுப்பவர் மனசு. சாப்பாடு வீட்டுக்குப் பின்னால். இதில் யாரும் ‘சேர்ந்தது’ கிடையாது. பிறந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே இளைஞர்கள் முதலில் செய்த காரியம் குழுவில் சேர்வது அல்ல, விலகுவது. காட்டுமன்னார்கோயில் பக்கத்தைச் சேர்ந்த எல். இளையபெருமாள் அந்த வட்டாரத்தில் பறை அடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று ஜனங்களைத் திரட்டினார். பின்னால் எம்.பி. ஆனார். 1965-இல் மத்திய அரசு தீண்டாமை பற்றி ஆராய அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். அறிக்கை 1969-இல் வந்தது. அம்பேத்கர் நூற்றாண்டு 1990–91-இல் கொண்டாடப்பட்டபோது அந்தப் பேச்சு கிராமம் கிராமமாக மறுபடி கிளம்பியது. எங்கள் பக்கத்தில் 1994-இல் காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்தது. அந்த அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரை விட்டார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் எங்கள் ஊரில் ஒரு சாவு. ஆள் வந்து கூப்பிட்டுப் போனார். அப்பாவும் இன்னும் நாலு பேரும் போகவில்லை. எனக்கு அப்போது ஆறு வயசு. அப்பா பறையைத் துணியில் சுற்றிக் கூரைக்கு அடியில் பரணில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. “சோறு ஆறிப்போவுது, சாப்பிட வா” என்று அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தப் போகத்துக்கு எங்கள் தெருவில் யாருக்கும் வயல் வேலை கொடுக்கவில்லை. இங்கேதான் நம்ம காரிடார் கதைக்குள் வருகிறது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை கட்ட ஆரம்பித்தார்கள். சுற்றிலும் சின்னதும் பெரிசுமாகக் கட்டட வேலை. அப்பா அங்கே கொத்தனாருக்குக் கையாளாகப் போனார். சனிக்கிழமை சாயங்காலம் எண்ணிக் கையில் கொடுக்கிற கூலி. வேண்டாமென்றால் திங்கட்கிழமை போகாமல் இருக்கலாம். ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்பேட்டையைப் பற்றி நாம் எவ்வளவோ பெருமை பேசுகிறோம். இத்தனை கார், இத்தனை போன் என்று கணக்குச் சொல்கிறோம். என் கணக்கில் அதன் முதல் உற்பத்தி, ‘வரமாட்டேன்’ என்று என் அப்பாவால் சொல்ல முடிந்ததுதான்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். கிராமங்களில் தண்டோரா போடுவதை நிறுத்த வேண்டும் என்று தமிழ்நாடு அரசு மாவட்ட ஆட்சியர்களுக்குச் சொன்னது 2022 ஆகஸ்டில்தான்.

கையில் எடுத்தவர்கள்

அப்பாவைப் போன்றவர்கள் கீழே வைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் வேறு சிலர் பறையைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன் (1955–2016) ‘தன்னானே’ கலைக்குழுவை நடத்தினார். நாட்டுப்புறப் பாட்டில் ஆராய்ச்சி செய்து பேராசிரியரானவர். ஆராய்ச்சியோடு நிற்காமல் தானே மேடையேறிப் பாடினார். கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாட்டு ஊர் ஊராகப் போனது இவருடைய குரலில்தான். 1990-இல் திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா ‘சக்தி’ கலைக்குழுவைத் தொடங்கி, கிராமத்துப் பெண்பிள்ளைகள் கையில் பறையைக் கொடுத்தார். பெண் பறையைத் தொடக்கூடாது என்று சொன்னவர்கள் வாயை அந்தப் பிள்ளைகளின் அடவு அடைத்தது. சென்னையில் மணிமாறன்–மகிழினி இருவரின் புத்தர் கலைக்குழு, அலங்காநல்லூரில் வேலு ஆசானின் பயிற்சி என்று அது பரவியது. வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் கச்சேரி. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா, ராப், கிடாரோடு பறை. நானும் கூட்டத்தில் ஒருவன். பாதிக் கச்சேரியில் பார்த்தேன், என் கை தானாகத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கட்டிக்கொள்ளவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. நம் காரிடாரில் ஜப்பான் கம்பெனிகள் நிறைய. அவர்கள் விழாக்களில் தைக்கோ முரசைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தோல் வேலை செய்தவர்களும் அங்கே ஒதுக்கப்பட்டவர்கள்தான். ஒசாகாவில் நானிவா என்ற பகுதி அப்படிப்பட்ட முரசு செய்கிறவர்கள் வாழ்ந்த இடம். செய்தவர் பேர் வெளியே தெரியாது, அடித்தவருக்குத்தான் புகழ். 1987-இல் அந்தப் பகுதி இளைஞர்கள் தாங்களே அடிப்பது என்று குழு சேர்த்தார்கள். குழுவுக்கு ‘இகாரி’ என்று பேர் வைத்தார்கள். கோபம் என்று அர்த்தம்.

ஏரிக்கரை

எங்கள் குழு பேர் சொல்லும் அளவுக்குப் பெரியதல்ல. ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். தர்மபுரி, விழுப்புரத்து ஐ.டி.ஐ. பையன்கள், செல்போன் லைனில் வேலை பார்க்கிற இரண்டு பெண்கள், ஒரிசாக்காரர் ஒருவர். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பேர் தங்குகிற குடியிருப்பைத் திறந்தார்களே, அது மாதிரி இடங்களில் கட்டிலும் சாப்பாடும் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் என்ன செய்வதென்று தெரியாது. அப்படி வந்தவர்கள்தான் பாதிப் பேர். ஏ, பி, சி ஷிப்ட் மாறி மாறி வருவதால் எல்லாரும் ஒன்றாகச் சேர்வதே அபூர்வம்.

2018-இல் நான் போய் நின்றபோது எனக்கு 29 வயசு. குழுவில் நான்தான் மூத்தவன். செய்யாறு பக்கத்திலிருந்து வருகிற வாத்தியார் முதல் மாதம் பறையையே தரவில்லை. “முதல்ல கால் பேசட்டும்” என்று அடவு மட்டும் நடக்க வைத்தார். அப்புறம் வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் நீளமான மூங்கில் சிம்புக்குச்சி. “யாருகிட்ட கத்துக்கிட்ட?” என்று மூன்றாம் வாரம் கேட்டார். “எங்க அப்பா அடிச்சவருங்க” என்றேன். அவ்வளவு பேர் நடுவில் அந்த வாக்கியத்தை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒன்றும் நடக்கவில்லை. “அதானே பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த பையனிடம் போய்விட்டார்.

தம்பிகளுக்காக ஒரு சின்ன மெக்கானிக்கல் பாடம். பறையை ஏன் வைக்கோல் தீயில் காய்ச்சுகிறோம்? தோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தொய்ந்துபோகும். சூட்டில் ஈரம் போனால் தோல் சுருங்கி இறுகும். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும் என்று படித்தோமே, அதுதான். மூன்று துண்டு மரத்தை வளைத்துப் பட்டை போட்டுப் பூட்டிய வளையம் அந்த இழுவையைத் தாங்கும். இப்போது இரும்பு வளையத்தில் ஃபைபர் போட்ட பறை வந்துவிட்டது. காய்ச்ச வேண்டாம், மழைக்கும் பயமில்லை. நாங்கள் இரண்டும் வைத்திருக்கிறோம்.

அப்பாவிடம் ஒரு வருஷம் சொல்லவில்லை. அவர் அவ்வளவு பாடுபட்டு இறக்கி வைத்ததை நான் தூக்கிக்கொண்டு ஆடுகிறேன் என்றால் அவர் என்ன நினைப்பார்? 2019 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பையிலிருந்து பறையை எடுத்துத் திண்ணையில் வைத்தேன். அப்பா ரொம்ப நேரம் தொடவில்லை. பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

“எங்க அடிக்கிறீங்க?”

“கல்யாணம், காலேஜ் விழா, கூட்டம்னு. எங்க ஆளுங்க வீட்ல சாவுன்னாலும் போறோம்பா.”

“துட்டு பேசி வாங்குறீங்களா?”

“முன்னாடியே பேசிடுவோம்.”

“சோறு எங்க போடறாங்க?”

“எல்லாரோடயும் பந்தியிலதான்.”

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “கூப்பிட்டா, வரமாட்டேன்னு சொல்ல முடியுமாடா?”

“முடியும்பா. ரெண்டு தடவை சொல்லியிருக்கோம்.”

“அப்ப சரி.” அதற்குப் பிறகுதான் பறையைக் கையில் எடுத்தார். விரல் கணுவால் ஒரு தட்டு. “காய்ச்சத் தெரியலை உனக்கு. ஓரம் இறுகியிருக்கு, நடு இன்னும் ஈரம். தீயைத் தள்ளி வெச்சுத் திருப்பிக்கிட்டே இருக்கணும்” என்றார். முற்றத்தில் வைக்கோல் கொளுத்திக் காட்டினார். அடித்துக் காட்டச் சொன்னேன். மாட்டேன் என்றார். இன்றுவரை அடிக்கவில்லை. நானும் அப்புறம் கேட்கவில்லை. மாட்டேன் என்று சொல்ல அவர் கொடுத்த விலை எனக்குத் தெரியும்.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பறையைக் கீழே வைத்த அப்பாவும் கையில் எடுத்த நானும் எதிரெதிர்க் காரியம் செய்யவில்லை. விட முடிகிறவனால்தான் சேர முடியும். அவர் விட்டிராவிட்டால் நான் ‘சேர்ந்திருக்க’ முடியாது. அதில் பிறந்திருப்பேன், அவ்வளவுதான்.

நம் கல்லூரியில் இப்போதும் குழு இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். மாணவத் தம்பி தங்கைகளுக்கு இரண்டே வேண்டுகோள். சிறப்பு விருந்தினரை வாசலில் வரவேற்க வெளியூர்க் கலைஞர்களைக் கூப்பிட்டால், அவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று யாராவது ஒருவர் போய்ப் பாருங்கள். நான் போன சில இடங்களில், பெரிய மேடை போட்டவர்களே அதைக் கவனிக்கவில்லை. இன்னொன்று, குழுவில் சேர ஒருவன் தயங்கினால் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அவனை வற்புறுத்தவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். வாட்டர் டேங்க் பக்கம் வந்து சும்மா உட்கார்ந்து கேட்க ஓர் இடம் வைத்திருங்கள். ஷிப்ட் இல்லாத சனிக்கிழமைகளில் நானும் வந்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

சந்திப்புக்கு என் அறைத் தோழனும் வருகிறான் என்று பட்டியலில் பார்த்தேன். அவனுக்கு ஒரு வரி எழுதி முடிக்கிறேன். அன்றைக்கு உன்னிடம் பொய் சொன்னேன்டா. எனக்குத் தாளம் வரும். வரும்போது இரண்டு பறை கொண்டுவருகிறேன். உனக்குக் கை மறந்திருக்காது என்று நம்புகிறேன்.